கம்ப்யூட்டர் ஸ்லோ: ஃபார்மட் போடுவதற்கு முன் எங்கே பார்ப்பது

எங்கள் அத்தை வீட்டு டெஸ்க்டாப்புக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஃபார்மட் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாக ஓடும். அப்புறம் பழையபடி. மூன்றாவது தடவைக்குப் பிறகு எனக்குப் போன் வந்தது. “சுவிட்சைப் போட்டுட்டு அடுப்புல பாலை வெச்சேன் கண்ணு. பால் காஞ்சு, காபி கலந்து குடிச்சும் முடிச்சாச்சு. இன்னும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்குது.”

போய்ப் பார்த்தேன். விண்டோஸில் ஒரு குறையும் இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருந்தது. செலவானது போகட்டும். இரண்டாவது ஃபார்மட்டின்போது டெஸ்க்டாப்பில் கிடந்த படங்களை எடுத்து வைக்கச் சொல்ல அத்தைக்குத் தெரியவில்லை, கடையிலும் யாரும் கேட்கவில்லை. மாமாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. மாமா இப்போது இல்லை.

ஸ்லோ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆன் ஆக நேரம் எடுப்பது வேறு, ஆன பிறகு இழுப்பது வேறு. அரை மணி கழித்துப் படுப்பது வேறு, பிரவுசர் மட்டும் திணறுவது வேறு. ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் தனி. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும், காசும் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

வேண்டிய ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு காப்பி எடுத்து வையுங்கள். படங்கள், ஸ்கேன் செய்த பத்திரம், பிள்ளைகளின் ப்ராஜெக்ட், டேலி டேட்டா, எல்லாம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ஃபார்மட் போட்டால் முதலில் போவது அவைதான். “டி டிரைவ்ல போட்டிருக்கேன், பத்திரம்” என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பங்குகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

அடுத்து ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டம் தன் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே திரும்ப ஏற்றும். உள்ளே சிக்கிக்கொண்ட கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறவர் வீட்டிலேயே, சிஸ்டம் 23 நாளாகத் தொடர்ந்து ஓடுவதாகக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகிவிட்டால் அதோடு விடுங்கள்.

சரியாகவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே மோர் டீடெயில்ஸ் என்று இருப்பதை அழுத்துங்கள். மேலே சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதம். நம் ஊரில் சிபியு என்றால் மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியைச் சொல்வோம். இங்கே சிபியு என்பது உள்ளே இருக்கும் பிராசசர் சிப். குழம்பாமலிருக்க நான் பிராசசர் என்றே சொல்கிறேன்.

இப்போது, எந்த வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் இழுக்கிறதோ அதே வேலையைச் செய்துகொண்டே அந்த நான்கையும் இரண்டு நிமிஷம் பாருங்கள். எது 90, 100 என்று போய் இறங்காமல் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு.

ஆன் ஆகவே ஐந்து நிமிஷம். ஆன பிறகும் டிஸ்க் 100

நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் டிஸ்க் 0 என்று இருக்கும். ஓரளவு புதிய விண்டோஸ் 10, 11 என்றால் அதன் கீழேயே எச்டிடியா எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். எச்டிடி என்றால் தட்டு சுற்றுகிற பழைய வகை ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி என்றால் சுற்றும் பாகம் இல்லாமல் சிப்பில் எழுதும் புதிய வகை.

அதை அழுத்தினால் வலது பக்கம் படம் வரும். படத்தில் டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்வதாகக் காட்டும், ஆனால் கீழே படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று இருக்கும். நூறு எம்பி படிக்கக்கூடிய டிஸ்க் இரண்டு எம்பிக்கே மூச்சு வாங்குவது ஏன்?

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். நொடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம், டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு 5.5 மில்லிசெகண்ட். அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு அறுபது, எழுபதைத்தான் எடுக்க முடியும். ஒரே பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்தால் வேகமாகப் போவதற்கும், விண்டோஸ் ஆன் ஆகும்போது திணறுவதற்கும் காரணம் இதுதான். ஆன் ஆகும்போது விண்டோஸ் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்கிறது. தலை அங்குமிங்கும் ஓடியே நேரம் போய்விடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. சாதாரண சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் பழைய முறை) எஸ்எஸ்டியே இப்படிப்பட்ட துண்டுகளை நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துத் தரும்.

எனவே, ஹார்ட் டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: எஸ்எஸ்டி போடுங்கள். எட்டு பத்து வருஷப் பழைய லேப்டாப்பில்கூட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன், இன்றும் பிள்ளைகள் படிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டு உபயோகத்துக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப்பாக இருந்தால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வாங்கிப் போட்டு பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் படங்கள், பாட்டுக்கு அது போதும். கேடியில் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன் உண்டு. டிவிடி டிரைவை அளந்து பார்த்து வாங்குங்கள். புதிய லேப்டாப் என்றால் எம்.2 என்று ஒரு சின்ன ஸ்லாட் இருக்கலாம். அதில் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எல்லா லேப்டாப்பும் இரண்டையும் ஏற்காது. மாடல் நம்பரை வைத்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

விலை குறைந்த சில சின்ன லேப்டாப்களில் 32 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்ற முடியாது. அப்படியான லேப்டாப்பில் காலி இடம் வைத்திருப்பதுதான் உங்களால் முடிந்தது.

எஸ்எஸ்டி வாங்கும்வரை ஸ்டார்ட்அப்பைக் குறைத்துச் சமாளிக்கலாம். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்ற பக்கம் இருக்கிறது. விண்டோஸோடு சேர்ந்து தானாக ஆன் ஆகும் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப், பிரிண்டர் கம்பெனியின் உதவி மென்பொருள், எப்போதோ போட்ட போன் சூட், இவற்றை டிஸேபிள் செய்யுங்கள். டிஸேபிள் செய்தால் மென்பொருள் அழியாது, நீங்கள் திறந்தால்தான் திறக்கும், அவ்வளவுதான். தமிழில் டைப் செய்ய அழகியோ என்எச்எம் ரைட்டரோ வைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது இழுக்கும் இடம் மிகச் சின்னது, காலையில் கடிதம் அடிக்க உட்காரும்போது இல்லையென்றால்தான் கஷ்டம்.

நடுநடுவே அப்படியே உறைந்து, பிறகு தானாக ஓடுகிறது

மவுஸ் நகரும், எதை அழுத்தினாலும் பதில் இருக்காது. இருபது நொடி கழித்து, அழுத்தியதெல்லாம் மொத்தமாக நடக்கும். ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் இப்படி ஆகும். பெட்டியில் காதை வைத்தால் டிக், டிக் என்று ஒரு சத்தம். அத்தை வீட்டில் இருந்தது இதுதான்.

இங்கே வேகத்தை மறந்துவிடுங்கள், டேட்டாவைப் பாருங்கள். டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டிருந்தால் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், அதுவரைக்கும் எல்லாமே காத்திருக்கும். ஃபார்மட் போட்ட பிறகு சில நாள் நன்றாக ஓடுவதற்குக் காரணமும் உண்டு. புதிதாக எழுதும் ஃபைல்கள் அப்போதைக்கு நல்ல இடத்தில் உட்காருகின்றன. கெடும் இடம் பரவப் பரவ, அவையும் மாட்டிக்கொள்கின்றன.

முன்பு சொன்ன டிஸ்க் பக்கத்திலேயே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒரு எண் இருக்கும். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது பத்து, இருபது, வேலை அதிகமானால் ஐம்பது, நூறு மில்லிசெகண்ட் என்று போகும். பெரிய வேலை எதுவும் இல்லாதபோதே ஆயிரம், இரண்டாயிரம் என்று குதித்தால் டிஸ்க்கை நம்பாதீர்கள். கேபிளிலும் கோளாறு இருக்கலாம், அதை அடுத்த படியில் பார்க்கலாம்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்க்கின் உடல்நிலை ஒரே பார்வையில் தெரியும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றிக்கொண்ட இடங்கள், சந்தேகத்தில் இருக்கும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள் ஆகியவற்றின் கணக்கு அவை. மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். அத்தை டிஸ்க்கில் சி5 நூற்றுக்கணக்கில் இருந்தது. மறுநாள் பார்த்தபோது கூடியிருந்தது.

சி7 என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போய், மற்றவை சுழியமாக இருந்தால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். டெஸ்க்டாப்பில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள், செலவு மிகக் குறைவு. பழைய எண் குறையாது. மேலும் ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

மஞ்சள் வந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் ஈடு செய்ய முடியாத படங்களும் ஆவணங்களும், அதற்கடுத்து வேலை ஃபைல்கள், சினிமாவும் பாட்டும் கடைசி. ஒரு ஃபோல்டரில் காப்பி நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்ததுக்குப் போங்கள். காப்பி எடுத்து முடிக்கும்வரை டிஸ்க் செக், டிஃப்ராக் எதையும் ஓட விடக்கூடாது. இரண்டும் டிஸ்க் முழுவதையும் உழுது எடுக்கும். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும் டிஸ்க் அதிலேயே நின்றுபோகலாம். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரே அடையாளம் காணவில்லை, உள்ளே விலைமதிப்பில்லாத டேட்டா இருக்கிறது என்றால் ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள். டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

நாலு டேப் திறந்தாலே தள்ளாட்டம்

ஒரே ஒரு மென்பொருள் ஓடும்போது சரியாக இருக்கிறது. பிரவுசரில் நாலைந்து டேப், பக்கத்தில் வேர்டு, வாட்ஸ்அப் என்று சேர்ந்தால், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகவே நேரம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 85, 90-க்கு மேல் நிற்கும். இது ரேம் பற்றாக்குறை. ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. எனவே டிஸ்க்கும் சேர்ந்து ஏறும். மெமரியும் டிஸ்க்கும் ஒன்றாக ஏறினால் காரணம் மெமரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

4 ஜிபி இன்றைக்குப் போதவில்லை. விண்டோஸும் ஆன்டிவைரஸும் சேர்ந்தே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலை எல்லாம் நடக்கும். பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று இருக்கும். 1 ஆஃப் 2 என்றால் ஒரு ஸ்லாட் காலி, இன்னொரு ரேம் சேர்க்கலாம். ஆனால் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே மாறும். டிடிஆர்3-யிலும் 1.5 வோல்ட் வகை, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று இரண்டு. பிந்தையதை மட்டும் ஏற்கும் லேப்டாப்கள் உண்டு. பழைய ரேமைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

ஒரு விசித்திரமான நிலையும் உண்டு: 8 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பாருங்கள். 32 பிட் என்று இருந்தால், யாரோ 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது 4 ஜிபிக்கு மேல் கையாளாது. 64 பிட் போட வேண்டும். ஃபார்மட் போடுவது நியாயமான இடங்களில் இது ஒன்று.

ரேம் பூஸ்டர், ரேம் க்ளீனர் என்று வருவதைப் போடாதீர்கள். ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, “காலி செய்துவிட்டேன்” என்று எண் காட்டும். அடுத்த நிமிஷம் அதே சாமானைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, அரை மணியில் படுத்துவிடுகிறது

கூடவே ஃபேன் சத்தம் ஏறும், லேப்டாப்பின் அடிப்பக்கம் சுடும். சித்திரை, வைகாசியில் இந்தப் புகார் கூடும். பிராசசர் சூடாகி எல்லையைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் பிராசசர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பக்கத்தில் ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். பேஸ் ஸ்பீடு 3 ஜிகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தற்போதைய வேகம் 0.8 என்று விழுந்தால் சூடுதான் முதல் சந்தேகம். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையையே காட்டிவிடும்.

சித்தப்பாவின் டெஸ்க்டாப்பைத் திறந்தபோது பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதை எடுத்த பிறகும் சூடு குறையவில்லை. விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தேன், ஒரு மூலை ஆடியது. இன்டெல் பிராசசரோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் நான்கு கறுப்பு பிளாஸ்டிக் பின் இருக்கும். அதில் ஒன்று போர்டின் துளையிலிருந்து மேலே வந்துவிட்டிருந்தது. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பிராசசர் மேல் சரியாக உட்காராமல் இருந்தது. கழற்றி, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசியிருந்து காய்ந்து பொடியாகியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் வைத்து, நான்கு பின்னும் டக் என்று விழும்வரை அழுத்தினேன். 97 டிகிரியில் இருந்தது 60-க்கு வந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு வேண்டும் என்று வெளியே சொல்லியிருந்தார்கள்.

தூசி தட்டும்போது கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ப்ளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். லேப்டாப்பைத் தலையணை மேலும் மெத்தை மேலும் வைத்து ஓட்ட வேண்டாம், காற்று உள்ளே போகும் வழி அடிப்பக்கம்தான் இருக்கிறது.

சூடே இல்லை, ஆனாலும் வேகம் 0.4, 0.8-இலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் லேப்டாப்பின் அடாப்டரைப் பாருங்கள். சில லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் வேகத்தை அடியோடு குறைத்துவிடும். டூப்ளிகேட் சார்ஜர் வாங்கிய நாளிலிருந்து ஸ்லோ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அதன் வாட் அளவைத்தான். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

எதுவும் திறக்கவில்லை, பிராசசர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது

சிபியு தலைப்பை அழுத்தினால் அதிகம் எடுப்பது மேலே வரும். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்றால் அப்டேட் நடக்கிறது. ஆன்டிமால்வேர் சர்வீஸ் என்றால் டிஃபெண்டர் ஸ்கேன் செய்கிறது. மாதத்துக்கு ஒரு நாள் திறக்கும் கம்ப்யூட்டரில் இது சகஜம். ஒரு மாதத்து வேலை மொத்தமும் அன்றைக்கே நடக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்து, கரன்ட்டில் வைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பொறுமை இழந்து நடுவில் அணைத்தால் அடுத்த தடவையும் அதே கதைதான்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் சோதிக்கும். வீட்டுக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. ஃபேன் கத்திக்கொண்டிருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே சத்தம் அடங்கிவிடுகிறது, மூடினால் மறுபடி கத்துகிறது. உங்கள் கரன்ட்டில் யாருக்கோ கிரிப்டோ காசு தேடித் தரும் மைனராக இருக்கலாம். டாஸ்க் மேனேஜர் திறந்தால் ஒளிந்துகொள்ளும் வகைகள் உண்டு. கிராக் செய்த மென்பொருள், கிராக் செய்த கேம் வழியாக வருவது சாதாரணம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும், கால் மணி நேரம் ஆகும். எதுவாவது அகப்பட்டால், பேங்க் பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் வேறு ஒரு சாதனத்திலிருந்து மாற்றிவிடுங்கள். அப்புறம் சுத்தமாக விண்டோஸ் போடுவதே நல்லது. ஃபார்மட்டுக்கு இது இரண்டாவது நியாயமான இடம்.

பிரவுசர் மட்டும்தான் ஸ்லோ

அதே வைஃபையில் போனிலும் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் கோளாறு இணைப்பில், கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். போன் வேகமாக இருந்து கம்ப்யூட்டர் மட்டும் இழுத்தால், எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். போன் 5 ஜிகாஹெர்ட்ஸிலும் பழைய லேப்டாப் நெரிசல் மிகுந்த 2.4-இலும் இருக்கலாம். முடிந்தால் கேபிள் போட்டுச் சோதியுங்கள்.

எக்ஸ்டென்ஷன்களைத் திறந்து பாருங்கள். கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது என்று போட்டது யாரென்றே தெரியாமல் ஏழெட்டு இருக்கும். தேவையில்லாததை எடுங்கள். வலது கீழ் மூலையில் “வைரஸ் வந்துவிட்டது” என்று விளம்பரம் குதித்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை ரத்து செய்தால் போதும்.

யூடியூப் மட்டும் தடுக்கித் தடுக்கி ஓடுகிறதா? யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வடிவில் வீடியோ அனுப்புகிறது. அதை முழுதாகக் கையாளும் தனிப் பகுதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் வந்தது. பழைய பிராசசர் எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு விரிக்க வேண்டியிருக்கிறது, அதனால் திணறுகிறது. எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷன் போட்டால் யூடியூப் பழைய வடிவில் அனுப்பும், வீடியோ நிதானமாக ஓடும். 1080 வரைதான் கிடைக்கும். பழைய லேப்டாப் திரைக்கு அதுவே அதிகம்.

சி டிரைவ் சிவப்பாக இருக்கிறது

இடம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். டெம்பரரி ஃபைல்ஸில் பழைய விண்டோஸின் மிச்சம், அப்டேட் மிச்சம் எல்லாம் இருக்கும், அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மற்றதை அழியுங்கள், உங்கள் ஃபைல்கள் அங்கே இருக்கலாம். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் எழுதும் வேகம் குறையும், ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். ரெஜிஸ்ட்ரி க்ளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதனால் வேகம் கூடி நான் பார்த்ததில்லை, பிரிண்டர் ஓடாமல் போய்ப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் பழைய கம்ப்யூட்டர்தான்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி கம்ப்யூட்டரில் வேண்டும். இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோதான் பட்டியலில் இருக்கிறது. அதைவிடப் பழையதில் குறுக்கு வழியில் 11 போட்டுத் தருவார்கள், அத்தை வயதில் இருப்பவர்களுக்கு நான் அதைச் செய்வதில்லை. பிரவுசர், வீடியோ, கடிதம் இவைதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். 4 ஜிபியில் நன்றாக ஓடும், தமிழும் டைப் செய்யலாம். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் என்றால் இது சரிவராது.

கழற்றிப் பூட்டக் கை வராதவர்கள் கடைக்குத்தான் போக வேண்டும், தப்பில்லை. போகும்போது “ஸ்லோவா இருக்கு, பாருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு வராதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: “டிஸ்க் 100 காட்டுது, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரத்துக்கு மேல போகுது, சி5 ஏறுது. எஸ்எஸ்டி போடணும். என்னைக் கேட்காம ஃபார்மட் போடாதீங்க. கழட்டுற டிஸ்க்கை என் கையில குடுத்துடுங்க.” பழைய டிஸ்க்கைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். புதிய எஸ்எஸ்டியில் எல்லாப் படமும் திறக்கிறதா என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்கும்வரை அது வீட்டு பீரோவில் இருக்கட்டும்.